மைனஸ் 10 பையில் மைனஸ் 10-ல் தூக்கம் வராது

நவம்பர் பிறந்தால் போதும், என் வாட்ஸ்அப்பில் ஸ்லீப்பிங் பேக் (உள்ளே புகுந்து தூங்கும் பை) படங்கள் வரிசையாக வந்து விழும். "அண்ணா, மைனஸ் 10 போட்டிருக்கு, 4,500 ரூபாய்தான், வாங்கிடட்டுமா?" கேட்பவர் பெரும்பாலும் சென்னையிலோ கோவையிலோ வேலை பார்ப்பவர். டிசம்பர் கடைசி வாரம் உத்தராகண்டில் இருக்கும் கேதார்கந்தா பனிமலைக்குப் போக லீவு வாங்கியிருப்பார். அதுவரை அவர் பார்த்த பெரிய குளிர் ஊட்டியில் ஒரு ஜனவரி விடியற்காலை. நான் பதிலுக்கு ஒரே ஒரு படம் கேட்பேன்: பையின் உள்பக்கம் தைத்திருக்கும் துணி லேபிளை எடுத்து அனுப்புங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே பேச்சு நின்றுவிடும், ஏனென்றால் லேபிளே இருக்காது.

கிண்டல் செய்யவில்லை, நானும் இப்படி ஒரு பையோடுதான் மலைக்குப் போனேன். ட்ரெக் லீடர் ஆவதற்கு முன்னால், சும்மா ஆசைப்பட்டுப் போன காலம். சாங்க்ரி கிராமத்திலிருந்து இரண்டு நாள் நடந்து, 11,000 அடிக்கு மேல் பனியில் கூடாரம். ராத்திரி மைனஸ் 8. கொண்டுபோன துணி அத்தனையும் போட்டுக்கொண்டு, ஜாக்கெட்டோடு பைக்குள் புகுந்து, ஜிப்பை மூக்கு வரை இழுத்துவிட்டும் பல் தந்தியடித்தது. ஒரு மணிக்கு வாட்சைப் பார்த்தேன், அப்புறம் ஒன்று இருபதுக்குப் பார்த்தேன், இப்படியே விடிந்தது. காலையில் எங்களோடு வந்த உள்ளூர் வழிகாட்டி என் பையைப் புரட்டி, கால்மாட்டில் இருந்த லேபிளைக் காட்டினார். கம்ஃபர்ட் 8. லிமிட் 4. எக்ஸ்ட்ரீம் மைனஸ் 10. கம்ஃபர்ட், மைனஸ் 8 இல்லை, வெறும் 8. "இது நீ சாகாம இருக்கிற நம்பர், தூங்குற நம்பர் மேல இருக்கு" என்று இந்தியில் சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார். உறையின் மேல் கொட்டை எழுத்தில் இருந்தது அந்த மூன்றாவது எண்தான்.

அந்த மூன்று எண்களும் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால் கடையில் ஏமாற மாட்டீர்கள். ஐரோப்பாவில் 2002-ல் இஎன் 13537 என்று ஒரு தரநிலை வந்தது. 2016-லிருந்து அதன் இடத்தில் ஐஎஸ்ஓ 23537 இருக்கிறது. மனித உடல் போலச் சூடேறும் ஒரு பொம்மைக்கு மெல்லிய முழுக்கை உள்ளாடையும் முழங்கால் வரை சாக்ஸும் மாட்டி, பைக்குள் வைத்து, அடியில் விரிக்கும் ஸ்லீப்பிங் மேட் மேல் கிடத்தி, குளிரூட்டிய அறையில் எவ்வளவு சூடு வெளியேறுகிறது என்று அளக்கிறார்கள். கம்ஃபர்ட் என்பது 25 வயது, 60 கிலோ எடையுள்ள ஒரு பெண் உடம்பைத் தளர்த்திப் படுத்தால் குளிராமல் இருக்கும் எல்லை. லிமிட் என்பது 73 கிலோ எடையுள்ள ஓர் ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் எல்லை. எக்ஸ்ட்ரீம் என்பது அந்தப் பெண் ஆறு மணி நேரம் உயிரோடு இருக்கலாம், ஆனால் உடல் விறைத்துப்போகும் ஆபத்து உண்டு என்கிற எல்லை. அந்த எண்ணைப் பார்த்துப் பை வாங்குவது, முங்கினால் எத்தனை நிமிடத்தில் மூச்சு நிற்கும் என்று கணக்குப் பார்த்துக் குளத்தில் இறங்குவது மாதிரி.

ஆணாக இருந்தாலும் சரி, பெண்ணாக இருந்தாலும் சரி, நீங்கள் பார்க்க வேண்டியது கம்ஃபர்ட். "அது லேடீஸ் நம்பர்தானே" என்று சில தம்பிகள் சொல்வார்கள். ஜனவரி ராத்திரியில்கூட 20 டிகிரிக்கு ரொம்பக் கீழே போகாத ஊரில் வளர்ந்த உடம்பு, ஆறு மணி நேரம் பனியில் நடந்த களைப்பு, உயரத்தில் பசி செத்துப்போய் அரைத்தட்டு கிச்சடியோடு எழுந்த வயிறு, இத்தனையும் சேர்ந்தால் அந்த 73 கிலோ ஆசாமி நீங்கள் இல்லை. போகும் இடத்தில் எதிர்பார்க்கும் ராத்திரிக் குளிரைவிட இன்னும் ஐந்து டிகிரி தாங்கும் கம்ஃபர்ட் எண்ணை எடுங்கள். டிசம்பர், ஜனவரி கேதார்கந்தாவுக்கு நான் சொல்வது கம்ஃபர்ட் மைனஸ் 10-க்கும் கீழே. லடாக்கில் ஜான்ஸ்கர் ஆறு உறைந்து கிடக்கும் மாதத்தில், அந்தப் பனிக்கட்டி மேலேயே நடக்கும் சாதர் நடை போகிறீர்கள் என்றால் கதையே வேறு. அங்கே ராத்திரி மைனஸ் 20-ஐத் தாண்டும், கடுங்குளிர்ப் பயணங்களுக்கான பைகளை இந்தத் தரநிலை தன் வரம்பிலேயே சேர்ப்பதில்லை.

இப்போது டவுன். டவுன் பஸ்ஸில் வரும் டவுன் இல்லை, வாத்தின் மார்புப் பக்கம் வெளி இறகுக்கு அடியில் இருக்கும் பூப்பூவான பஞ்சு. நம்மிடம் இதற்குப் பழைய சொல்லே இருக்கிறது, தூவி. வாடைக் காலத்தில் அரசி படுக்கும் கட்டிலுக்கு அன்னத்தின் தூவியை மெத்தையில் அடைத்ததாக நம் பழம்பாட்டு சொல்கிறது, ஆக விஷயம் தெரிந்தவர்கள்தான் நாம். தூவி சூடு தருவதில்லை. அதன் ஒவ்வொரு இழையும் பரந்து காற்றைப் பிடித்து வைக்கிறது, அந்தக் காற்று உங்கள் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். பை எவ்வளவு உப்புகிறதோ அவ்வளவு கதகதப்பு. வீட்டில் இலவம்பஞ்சுத் தலையணை புதிதில் எப்படி உப்பியிருக்கும், பத்து வருடத்தில் எப்படிச் சப்பிப்போகும் என்று பார்த்திருப்பீர்கள், அதே கதை.

இந்த உப்பலை அளக்கும் எண் ஃபில் பவர். ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் தூவி எத்தனை கன அங்குல இடத்தை நிரப்புகிறது என்பதுதான் அது. 550 சுமார், 650 பரவாயில்லை, 800-க்கு மேல் அருமை. இங்கேதான் இரண்டாவது ஏமாற்று. "800 ஃபில்" என்று பெரிதாகப் போட்டுவிட்டு, உள்ளே எத்தனை கிராம் அடைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்ல மாட்டார்கள். 800 என்பது தூவியின் தரம், பையின் சூடு இல்லை. 500 கிராம் 800 தூவி நிரப்பும் இடத்தை 650 தூவியால் நிரப்ப வேண்டுமானால் சுமார் 615 கிராம் வேண்டும். முதுகில் கூடுதலாக 115 கிராம், ஆனால் கதகதப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான், விலை கணிசமாகக் குறையும். ஆகவே 300 கிராம் 800 தூவியைவிட 615 கிராம் 650 தூவி அடைத்த பை நிச்சயம் சூடானது. கடைக்காரரிடம் முதல் கேள்வி: "உள்ளே தூவி எத்தனை கிராம்?" பையின் மொத்த எடையைச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு மறுபடி கேளுங்கள். 90/10 என்று போட்டிருந்தால் 90 பங்கு தூவி, 10 பங்கு சாதாரண இறகு. 70/30 என்றால் நான் வாங்க மாட்டேன்.

தையலையும் பாருங்கள். மேல் துணியையும் உள் துணியையும் நேராகச் சேர்த்துத் தைத்திருந்தால் அந்தத் தையல் கோடு முழுக்கத் தூவி கிடையாது, கோடு கோடாகக் குளிர் இறங்கும். கோடைக்கு அது போதும். பனிக்கு, இரண்டு துணிக்கும் நடுவில் வலைத்துணியை நிறுத்திப் பெட்டி பெட்டியாகத் தைத்த பைதான் வேண்டும். அப்புறம் ஜிப் ஓரமாக நீளத்துக்கு ஒரு தூவிக் குழாய், கழுத்தைச் சுற்றி ஒரு தடித்த வளையம், முகத்தை மட்டும் விட்டுவிட்டு இறுக்கிக்கொள்ள ஒரு தலைமூடி. கழுத்து வளையம் இல்லாத பையில், நீங்கள் புரளும்போதெல்லாம் சூடான காற்று கழுத்து வழியாகப் புஸ்ஸென்று வெளியே போகும். கடையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுப் பைக்குள் படுத்துப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். கால் நுனி முட்டினால் அந்த இடத்தில் தூவி நசுங்கும். ஆளைவிட ரொம்பப் பெரிதாக இருந்தால் அந்தக் காலி இடத்தையும் உங்கள் உடம்புதான் சூடாக்க வேண்டும்.

எல்லாருக்கும் டவுன் வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல், மேகமலை, கொழுக்குமலை என்று சுற்றுகிறவருக்குக் கம்ஃபர்ட் 5 போட்ட சாதாரண சிந்தெடிக் பை பெரும்பாலும் போதும். ஈரமானாலும் அது ஓரளவு சூடு காக்கும், வாஷிங் மெஷினில் போடலாம், விலையும் குறைவு. தூவி நனைந்தால் இட்லி மாவு மாதிரி கட்டி கட்டியாகிவிடும், கூடாரத்துக்குள் அதை உலர்த்தி எடுப்பது நடக்காத காரியம். ஆனால் மைனஸ் 10-ஐ சிந்தெடிக்கில் வாங்கினால் இரண்டு கிலோவைத் தாண்டும், உங்கள் பேக்பேக்கில் பாதியை அதுவே அடைத்துக்கொள்ளும். நல்ல டவுன் பையில் அதே கதகதப்பு ஒன்றேகால் கிலோ பக்கம் முடிந்துவிடும். வாத்தை உயிரோடு பிடுங்கி எடுத்த தூவியோ என்ற உறுத்தல் இருந்தால் ஆர்டிஎஸ் (Responsible Down Standard) என்ற தரநிலையின் முத்திரை இருக்கிறதா பாருங்கள். உயிரோடு பிடுங்குவதையும் கட்டாயமாகத் தீனி திணிப்பதையும் அந்தத் தரநிலை அனுமதிப்பதில்லை.

நல்ல டவுன் பைக்குப் பெரும்பாலும் 20,000 ரூபாய்க்கு மேல் ஆகும். வருடத்துக்கு ஒரு தடவை போகிறவர் வாடகைக்கு எடுத்தால் போதும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. போன வருடம் எங்கள் குழுவில் ஈரோட்டுப் பெண் ஒருவர் மலையடிவாரத்தில் பை வாடகைக்கு எடுத்திருந்தார். உறையிலிருந்து பிரித்து, பத்து நிமிடம் தரையில் விரித்து வைத்தோம், பெரிதாக உப்பவில்லை. பிறகு வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தோம், துணி மெல்லிசு என்பதால் உள்ளே இருப்பது அப்படியே நிழலாகத் தெரிந்தது. முழங்கால் பக்கம் மூன்று பெட்டிகள் காலி, தூவியெல்லாம் ஓரத்தில் ஒதுங்கி உருண்டை உருண்டையாகக் கிடந்தது. கையால் தட்டித் தட்டி நடுவுக்குக் கொண்டுவரப் பார்த்தோம், வியர்வைப் பிசுக்கு ஏறிய தூவி, பிரியவே இல்லை. கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டே வேறு பை கொடுத்தார். அந்தப் பழைய பையோடு மேலே போயிருந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு என் கூடார வாசலில்தான் நின்றிருப்பார்.

பையைப் பற்றி இத்தனை பேசினாலும், என்னிடம் குளிரில் தூங்கவில்லை என்று சொன்னவர்களில் நிறையப் பேருக்குக் குறை, அடியில் விரிக்கும் மேட்டில்தான் இருந்தது. உடம்புக்கு அடியில் இருக்கும் தூவி உங்கள் எடையில் நசுங்கிவிடுகிறது, அங்கே காற்றும் இல்லை காப்பும் இல்லை. பனித்தரை முதுகிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேட்டின் தடுப்புச் சக்திக்கு ஆர்-வேல்யூ என்று ஓர் எண் உண்டு. சாதாரண ஃபோம் மேட் 2 இருக்கும், பனிக்கு 5 பக்கம் வேண்டும். நல்ல செய்தி என்னவென்றால் இந்த எண்களைக் கூட்டலாம், 2 உள்ள ஃபோமை அடியில் போட்டு 3 உள்ள காற்றடைக்கும் மேட்டை மேலே விரித்தால் 5. கையில் 25,000 இருக்கிறது என்றால் அத்தனையையும் பையில் கொட்டாதீர்கள், 5,000-ஐ மேட்டுக்கு ஒதுக்குங்கள்.

உள்ளே நுழைவதற்கு முன் சாப்பிடுங்கள், ஒண்ணுக்குப் போய்விட்டு வாருங்கள், நாள் முழுக்கப் போட்ட சாக்ஸைக் கழற்றி உலர்ந்ததை மாட்டுங்கள். பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, மூடியை இரண்டு தடவை சரிபார்த்து, சாக்ஸுக்குள் போட்டுத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். உடை இல்லாமல் படுத்தால்தான் சூடு என்று ஒரு பேச்சு சுற்றுகிறது, அதை நம்ப வேண்டாம், தூவியை நசுக்காத அளவுக்கு உலர்ந்த துணி எவ்வளவு போட்டாலும் நல்லதுதான். முகத்தைப் பைக்குள் இழுத்துக்கொண்டு மூச்சு விடாதீர்கள், மூச்சின் ஈரம் முழுக்கத் தூவிக்குள் போய் அடுத்த ராத்திரி வட்டியோடு திரும்பி வரும். மதியம் வெயில் அடித்தால் பையை உள்பக்கம் வெளியே திருப்பிக் கூடாரத்தின் மேல் போடுங்கள். குளிருக்கு ஒரு பெக் என்று யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள், தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுவந்து சூடாக இருப்பது போலக் காட்டிவிட்டு உள்சூட்டை வெளியேற்றிவிடும். கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ வைத்துத் தூங்கவே கூடாது. மூடிய அறையில் கரி மூட்டிப் படுத்து உயிர் போன செய்தி கொடைக்கானல், ஊட்டிப் பக்கத்திலிருந்தே வந்திருக்கிறது.

கூட இருப்பவர் நடுங்குகிறார் என்றால் எழுப்புங்கள், சூடாக இனிப்பாகக் குடிக்கக் கொடுங்கள், ஈர உடையை மாற்றுங்கள். பேச்சு குழறினாலோ, கையால் ஜிப்பைக்கூடப் பிடிக்க முடியாமல் தடுமாறினாலோ, உடம்பு சூடேறாமலே நடுக்கம் நின்றுபோனாலோ, லீடரை உடனே எழுப்புங்கள், மணி எத்தனை என்று பார்க்காதீர்கள். தூக்கம் கெட்டதற்காக எந்த லீடரும் கோபித்துக்கொள்ள மாட்டார், காலையில் சொன்னால்தான் கோபம் வரும்.

திரும்பி வந்த பிறகுதான் பெரும்பாலான டவுன் பைகள் சாகின்றன. வரும்போது திணித்த சின்ன உறையிலேயே அலமாரிக்குள் போட்டுவிட்டு அடுத்த டிசம்பரில் எடுத்தால் அது அப்பளம். என் பை பெரிய பருத்தித் துணி மூட்டைக்குள் தளர்வாக, படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை டவுனுக்கென்று விற்கும் சோப்பில் துவைத்து, பிழியாமல், ஈரத்தோடு ஒரு முனையைப் பிடித்துத் தூக்காமல் (தூக்கினால் உள்ளே இருக்கும் வலைத்துணி கிழிந்துவிடும்), டிரையரில் குறைந்த சூட்டில் இரண்டு டென்னிஸ் பந்தோடு சுற்றவிடுவேன், மூன்று நான்கு மணி நேரம் ஆகும். சென்னையில் அக்டோபர், நவம்பர் மழைக்குப் பிறகு ஒரு நாள் மொட்டைமாடியில் நிழலில் காயப்போடுவது தனிச் சடங்கு. பக்கத்து மாடி அம்மா வருடா வருடம் கேட்பார், "தம்பி, இவ்ளோ பெரிய தலையணை யாருக்கு?"