பன்னிரண்டே முக்காலுக்கு கீழ இறங்காதீங்க

நான் லண்டன்ல டயட்டீஷியன். புதுசா வர்றவங்ககிட்ட மூணு நாள் என்ன சாப்பிட்டீங்கன்னு எழுதிட்டு வரச் சொல்வேன். நம்ம ஆளுங்க காலைல இட்லி எத்தனை, ராத்திரி சப்பாத்தி எத்தனைன்னு கணக்கா எழுதியிருப்பாங்க, மதியம்ங்கற கட்டத்துல மட்டும் "சாண்ட்விச்"னு ஒரே வார்த்தை இருக்கும், இல்லன்னா வெறும் கோடு. நான் முதல்ல தோண்டறது அந்தக் கட்டத்தைத்தான்.

ஒருத்தர் கதை சொல்றேன், ஆளு தெரியாத மாதிரி கொஞ்சம் மாத்தியிருக்கேன். பேங்க் ஸ்டேஷன் பக்கத்துல ஆபீஸ், இன்சுலின் போடறவர். சாப்பாட்டுக்கு முன்னாடி போடற சீக்கிரம் வேலை செய்யற இன்சுலினை டெஸ்க்லயே ஊசி போட்டுக்கிட்டு, கோட்டை மாட்டிக்கிட்டு 12:45க்கு கீழ இறங்குவார், ரெண்டு நிமிஷத்துல கடைதானேன்னு. அந்த நேரத்துல சிட்டி முழுக்க அதே கடை வாசல்லதான் நிக்கும். ஒரு நாள் கியூ நகரவே இல்ல, வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது, சுகர் பார்த்தா 3.1. இங்க 4க்கு கீழ போனா ஹைப்போ, அதாவது சுகர் ரொம்ப இறங்கிடுச்சுன்னு அர்த்தம், நம்ம ஊர் கணக்குல 70 பக்கம்னு வச்சுக்கோங்க. பக்கத்துல நின்னவங்க யாரோ ஜூஸ் வாங்கிக் குடுத்து உட்கார வச்சாங்க. நல்ல ஊருதான், ஆனா அதை நம்பி இன்சுலின் போட முடியாது.

அவருக்கு நான் சொன்னது ஒண்ணுதான், சாப்பாடு கைக்கு வந்தப்புறம் ஊசி. (உங்களுக்கு எவ்வளவு முன்னாடி போடணும்ங்கறதை உங்க டயபட்டிஸ் டீம்கிட்ட கேட்டுக்கோங்க, இவர் கணக்கு உங்களுக்கு ஒத்து வராம போகலாம்.) அப்புறம் பையில 200 மில்லி ஆரஞ்ச் ஜூஸ் ஒண்ணு இருக்கட்டும். ஹைப்போவுக்கு லூக்கோசேட்ங்கற இனிப்பு டிரிங்க் வாங்கற பழக்கம் இருக்கறவங்க ஒண்ணு கவனிங்க, 2017லயே அதுல சர்க்கரையைப் பாதிக்கு மேல குறைச்சுட்டாங்க, பழைய அளவையே குடிச்சா பத்தாது.

இன்சுலின் போடாதவங்களுக்கும் பிரச்சனை அதே நேரம்தான். பசி ஏறினப்புறம் கடை தேடினா எது கண்ணுல முதல்ல படுதோ அதுதான் சாப்பாடு. அதனால நான் சாப்பாட்டை விட இடத்தைப் பத்திதான் நிறைய பேசுவேன். எங்க சாப்பிடப் போறோம்னு காலைல பத்து மணிக்கே முடிவு பண்ணுங்க, ஒண்ணு 11:50க்கு இறங்குங்க, இல்ல ஒண்ணரைக்கு மேல போங்க. ஆறு மணி நேரத்துக்கு மேல வேலைன்னா 20 நிமிஷம் பிரேக் இங்க சட்டப்படி உங்க உரிமை, "மீட்டிங் இருந்துச்சு மேடம்"னு மூணு மணி வரைக்கும் பட்டினி கிடந்துட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு சோத்து மலை கட்டறதுக்கு அது சாக்கு இல்ல.

இப்ப மீல் டீல். சாண்ட்விச், ஒரு ஸ்நாக், ஒரு டிரிங்க் மூணும் சேர்த்து ஒரே விலை. நம்ம மூளை உடனே குடுத்த காசுக்கு எது அதிகம்னு பார்க்கும், இருக்கறதுலயே விலை கூடின ஸ்மூத்தியை எடுக்கும். நானும் எடுத்திருக்கேன், பொய் சொல்ல மாட்டேன். 250 மில்லி பாட்டில் பலதுல சர்க்கரை 25 கிராம் பக்கம் வரும், பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கே 30 கிராம்தான் உச்சம்னு சொல்றாங்க. பழம்தானேன்னு கேப்பீங்க, அரைச்சுட்டா அந்தக் கணக்குல சேர்த்துதான் வரும். தண்ணி எடுங்க, ஸ்நாக்குக்கு முட்டையோ பழமோ எடுங்க, சாண்ட்விச்ல பாக்கெட்டோட பச்சை, மஞ்சள், சிவப்பு கட்டத்துல உப்பை மட்டுமாவது பாருங்க. நாளைக்கு 6 கிராம்தான் மொத்தமே.

சூடா வேணும்னா தெரு மார்க்கெட் இருக்கு. சான்சரி லேன் ஸ்டேஷன்ல இறங்கினா லெதர் லேன், பார்பிகன் பக்கம்னா வைட்கிராஸ் ஸ்ட்ரீட், வெஸ்ட்மின்ஸ்டர் ஆபீஸ்காரங்களுக்கு ஸ்ட்ரட்டன் கிரவுண்ட், எல்லாமே வாரநாள் மதியத்துக்குன்னே இருக்கற கூட்டம். கண்ணு முன்னாடி போட்டுத் தருவாங்க, அதனால "சோறு பாதி, காய் அதிகமா"ன்னு கேக்கலாம், யாரும் முறைக்க மாட்டாங்க. யூஸ்டன் பக்கம் வேலைன்னா டிரம்மண்ட் ஸ்ட்ரீட்ல சைவ ஹோட்டலுங்க இருக்கு, மதிய பஃபேல சீக்கிரம் சாப்பிட்டுட்டு வந்துடலாம், ஆனா பஃபேல இன்னொரு தட்டு எடுக்காம எழுந்து வர்ற மனோதிடம் எனக்கே கிடையாது, அதனால சுகர்காரங்களை நான் அனுப்பறதில்ல.

அலர்ஜி இருக்கறவங்க இந்த இடத்தை ரெண்டு தடவை படிங்க. 2016ல நடாஷான்னு 15 வயசுப் பொண்ணு, பகெட்ங்கற நீள ரொட்டி சாண்ட்விச் சாப்பிட்டு அதுல இருந்த எள்ளால இறந்து போச்சு, லேபிள்ல எள்ளுன்னு போடல, அப்ப கடையிலயே செஞ்சு கட்டி வைக்கறதுக்கு அப்படிப் போடணும்னு கட்டாயமும் இல்ல. அப்புறம்தான் சட்டம் மாறி, 2021 அக்டோபர்ல இருந்து அப்படி கட்டி வைக்கற எதுலயும் முழுப் பொருள் பட்டியல் இருந்தே ஆகணும். ஆனா மார்க்கெட்ல கிண்ணத்துல அள்ளிப் போடறதுக்கு இந்த லேபிள் கிடையாது, வாயைத் திறந்து கேட்டாதான் உண்டு, கேட்டா சொல்ல வேண்டியது அவங்க கடமை. கட்டாயம் சொல்ல வேண்டிய 14 பொருள்ல எள்ளு இருக்கு, நம்ம கடுகு கூட இருக்கு, தேங்காயும் கொண்டைக்கடலையும் இல்ல, அதுல அலர்ஜின்னா பட்டியலை நம்பாம தனியா கேளுங்க. வீகன்னு போட்டிருந்தா பால் அலர்ஜிக்கு சேஃப்னு நினைக்காதீங்க, தடயம் இருக்கலாம். சைவக்காரங்களுக்கு ஒரு கொசுறு, அசல் பார்மெசான் சீஸ்ல பாலை உறைய வைக்க கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற ரென்னெட் சேரும், அதனால அந்த சீஸ் போட்டு அரைக்கற பெஸ்டோ தடவின சாண்ட்விச் எல்லாம் தானா சைவம் ஆயிடாது.

வீட்ல இருந்து கட்டிட்டு வரலாமேன்னா தாராளமா, எனக்கு சந்தோஷம்தான். சோறுன்னா மட்டும் வடிச்சு ஒரு மணி நேரத்துக்குள்ள ஆற வச்சு ஃப்ரிட்ஜுக்கு போகணும், மறுநாளுக்குள்ள முடிக்கணும், ஒரே தடவைதான் சூடு பண்ணணும். ஆபீஸ் மைக்ரோவேவ்ல சாம்பார் வாசனை வருமேன்னு கூச்சப்பட்டு பட்டினி கிடக்கற பிள்ளைங்க என்கிட்ட வந்திருக்காங்க. அவங்க ஆபீஸ்லயே மீனை சூடு பண்றவங்க கூச்சமே படறதில்ல.

வெளியில வாங்கும்போது கவுண்டர்ல "ஈட் இன்னா, டேக் அவேயா"ன்னு கேப்பாங்க, ஆறின சாண்ட்விச்சை உள்ள உட்கார்ந்து சாப்பிட்டா 20 சதவீதம் வாட் சேரும், எடுத்துட்டுப் போனா கிடையாது. வெயில் அடிச்சா பெஞ்சுக்குப் போயிடுங்க. நம்ம இன்சுலின்காரர் இப்ப செயின்ட் பால்ஸ் பக்கத்துல போஸ்ட்மேன்ஸ் பார்க்ல உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து மடியில வச்சுட்டுதான் ஊசியை எடுக்கறாராம். பன்னிரண்டே முக்காலுக்கெல்லாம் திரும்ப மேல போயிடறார், அப்ப லிஃப்ட் நிறைய ஆளுங்க கீழ இறங்கிட்டு இருப்பாங்களாம்.