பாக்கெட் என்கிற பொதி

பால் பாக்கெட், பிஸ்கட் பாக்கெட் என்று தினமும் நம் வாயில் புழங்கும் அதே சொல்தான் இணையத்துக்கும் அடிப்படைச் சொல். இணையம் எப்படி வேலை செய்கிறது என்று புதிதாகக் கற்க வருகிறவர்களிடம் நான் சர்வரிலோ ரவுட்டரிலோ தொடங்குவதில்லை. முதலில் இந்த ஒரு சொல்லைத்தான் சொல்வேன். இது பிடிபட்டுவிட்டால் மற்றவை தானாகப் பின்னால் வரும்.

இணையத்தில் எதுவும் முழுசாகப் போவதில்லை. 3 எம்பி, அதாவது சுமார் 30 லட்சம் பைட் அளவுள்ள ஒரு புகைப்படத்தை அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாக்கெட்டில் பொதுவாக 1,500 பைட் வரைதான் கொள்ளும். அதில் 40 பைட் முகவரி போன்ற விவரங்களுக்கே போய்விடும். மீதி 1,460 பைட்டில்தான் படம். ஆகவே உங்கள் படம் 2,000-க்கும் அதிகமான துண்டுகளாகக் கிளம்புகிறது. ஒவ்வொரு துண்டின் தலைப்பகுதியிலும் அனுப்பும் முகவரி, சேரும் முகவரி, வரிசையைக் காட்டும் எண் எல்லாம் இருக்கும். வழியில் உள்ள ரவுட்டர் என்ற கருவி, சேரும் முகவரியைப் பார்த்து, அடுத்து எந்தப் பக்கம் தள்ளலாம் என்று முடிவுசெய்யும். எல்லாத் துண்டுகளும் ஒரே வழியில் போக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பதினேழாவது முந்திக்கொண்டு வரலாம், பதினாறாவது பிந்தலாம். போய்ச் சேரும் கருவி எண்ணைப் பார்த்து அவற்றை அடுக்கிக்கொள்ளும். ஏதாவது வரவில்லை என்றால் அனுப்பிய பக்கம் அதை மட்டும் மறுபடி அனுப்பும்.

வெளியூருக்குப் பேசுவதற்கான டிரங்க் கால் என்ற பழைய தொலைபேசி அழைப்பை நினைத்துப் பாருங்கள். சென்னைக்கும் மதுரைக்கும் நடுவே ஒரு தடத்தை ஒதுக்கிவிட்டால், இருவரும் பேசாமல் இருந்தாலும் அது அவர்களுக்கே. வேறு யாரும் தொட முடியாது. பாக்கெட் முறையில் ஒரே கம்பியில் ஆயிரம் பேருடைய துண்டுகள் கலந்து ஓடுகின்றன. இணையம் மலிவாக எல்லோருக்கும் கிடைப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இந்த யோசனை 1960-களில் இரண்டு இடங்களில் தனித்தனியே பிறந்தது. அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பால் பாரன், போரில் சில இணைப்புகள் அழிந்தாலும் செய்தி போய்ச் சேர வேண்டும் என்று சிந்தித்தார். அவர் அந்தத் துண்டுகளுக்கு வைத்த பெயர் 'செய்திக் கட்டம்' என்ற பொருளில் இருந்தது. பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருந்த டொனால்ட் டேவிஸ்தான் 'பாக்கெட்' என்று பெயரிட்டார். பிற மொழிகளிலும் எளிதாகச் சொல்ல முடிகிற சொல்லா என்று மொழி அறிந்தவர்களிடம் கேட்டுவிட்டே அதை எடுத்துக்கொண்டார். ஒரு விஞ்ஞானி அப்போதே இப்படி யோசித்திருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும். ஆங்கிலத்தில் அது மூட்டையைக் குறிக்கும் 'பேக்' என்ற சொல்லின் சிறுமை வடிவம். பழைய காலத்தில் கடிதக் கட்டுக்கு வழங்கியது. நாம் ரீசார்ஜ் செய்யும் 'நெட் பேக்' அதே வேரில் வந்தாலும் பொருள் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சரி, தமிழில்? பொட்டலம், சிப்பம், பொதி என்று மூன்று சொற்களைப் பார்க்க முடிகிறது. பொட்டலம் என்றதும் கடையில் மடித்துக் கையில் கொடுப்பதுதான் நினைவுக்கு வருகிறது. நெடுந்தூரம் போகிற சாயல் அதில் இல்லை. சிப்பம் அரிசி மண்டியின் சொல். 25 கிலோ சிப்பம் என்றால் எல்லாமே 25 கிலோ. ஆனால் இணையத்துத் துண்டுகள் அப்படி ஒரே அளவில் இருப்பதில்லை. 'வந்து சேர்ந்தது' என்று பதில் சொல்லும் துண்டு வெறும் 40 பைட்டாகவும் இருக்கலாம்.

பொதி என்பது பயணத்துக்கென்றே கட்டிய சுமை. பொதி சுமக்கும் கழுதை, வழிக்குக் கட்டிக்கொண்டு போகும் பொதிசோறு, இலங்கையில் அன்றாடம் சொல்லும் பயணப்பொதி, உலர் உணவுப் பொதி எல்லாம் அதே சொல்தான். மிளகுச் சுமை ஏற்றிய கழுதைகளோடு வணிகர் கூட்டம் சுங்கம் வாங்கும் பெருவழியில் போவதைச் சங்க நூலான பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. அங்கே வருவது 'பொறை' என்ற சொல். என்றாலும் எனக்கு ரவுட்டர்களைக் கடந்து போகும் துண்டுகளே கண்ணில் தெரிகின்றன.

இதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. பொதிதல் என்றால் ஒன்றை உள்ளே வைத்து மூடுதல். 'பொருள் பொதிந்த பேச்சு' என்கிறோம் அல்லவா? கணினி உள்ளே செய்வதும் அதுதான். உங்கள் படத்தின் துண்டை வரிசை எண் உள்ள உறைக்குள் வைத்து, அதை முகவரி உள்ள உறைக்குள் வைத்து, அப்புறம் அதையும் வைஃபைக்கான உறைக்குள் வைக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாகப் பொதிகிற இந்த வேலையைப் 'பாக்கெட்' என்ற சொல்லால் சொல்ல முடியாது. 'பொதி' வினையாகவும் பெயராகவும் நின்று சொல்லிவிடுகிறது.

ஒவ்வொரு பொதிக்கும் ஆயுளும் உண்டு. கிளம்பும்போது 64 போன்ற ஓர் எண்ணைத் தாங்கி வரும். ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யம் ஆனால் அந்தப் பொதி அங்கேயே கைவிடப்படும். இல்லையென்றால் வழி தவறியவை காலம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். நெரிசலில் சிக்கித் தொலைவதும் உண்டு. இதற்குப் பொதி இழப்பு என்று பெயர். படம் என்றால் தொலைந்ததை மறுபடி அனுப்பலாம். பேச்சு அப்படி அல்ல. பிந்தி வரும் அசையால் பயன் இல்லை என்பதால் இணைய அழைப்புகளில் பெரும்பாலும் அதை விட்டுவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் அம்மாவின் குரல் 'சாப்... ட்டியா' என்று அறுந்து கேட்பது அதனால்தான்.