ஒரு குரல் இரண்டாகும் விதம்: ‘என் கண்மணி’யும் நம் செவியும்

1978இல் வெளிவந்த ‘சிட்டுக்குருவி’ படத்தில், ஓடும் பேருந்தில் நிகழும் ஒரு காதல் பாட்டு உண்டு. வாலி எழுத, இளையராஜா இசையமைக்க, எஸ்.பி. பாலசுப்ரமணியமும் பி. சுசீலாவும் பாடிய ‘என் கண்மணி’ அது. பாடகர்கள் இருவர்தான் என்றாலும், பாட்டில் ஒலிக்கும் பாத்திரங்கள் நான்கு. காதலனுக்குள்ளிருந்து இன்னொருவன் எழுந்து அவனையே சீண்டுகிறான். காதலிக்குள்ளும் அப்படியே ஒருத்தி எழுகிறாள். இளையராஜாவின் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வரும் பெரும் பாடல்களின் வரிசையில் இதைச் சேர்ப்பவர்கள் குறைவு. ஆனால் செவி எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்க இதைவிட நல்ல பாடலை நான் அறியேன்.

பல்லவியின் சொற்றொடர்களை ஒன்று விட்டு ஒன்றாக எடுத்தால் காதலன் பேசும் முழு வாக்கியம் கிடைக்கும். விட்டுப்போனவற்றைக் கோத்தால், அவனுடைய மனம் அவனுக்குச் சொல்லும் மறுமொழி கிடைக்கும். அனைத்தையும் வரிசையாகப் படித்தாலும் பொருள் முறிவதில்லை. மெட்டும் அவ்வாறே இரு துண்டுச் சங்கிலிகளாகப் பின்னப்பட்டிருக்கிறது. தனித்தனி மெட்டுகளை ஒன்றோடொன்று இழைத்துச் செல்லும் இந்த முறையை மேற்கத்திய இசையில் கவுண்டர்பாயிண்ட் என்பார்கள். ஒற்றை மெட்டின் ஆழத்தையே பெரிதும் நாடிச் செல்லும் நம் கர்நாடக இசையில் பழகிய காதுக்கு இது புதிய அனுபவம்.

இங்கே செவிக்கு ஒரு கடினமான வேலை காத்திருக்கிறது. பாடகர், வயலின், தாளம் என எத்தனை ஒலிகள் எழுந்தாலும், செவிப்பறையை வந்தடைவது காற்றழுத்தத்தின் ஒரே ஏற்ற இறக்கம்தான். உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் உறுப்பில் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சவ்வு இருக்கிறது. அதன் தொடக்கப் பகுதி உயர்ந்த அதிர்வெண்களுக்கும், உள்முனை தாழ்ந்தவற்றுக்கும் கூடுதலாக அசைகிறது. ஆக, வந்த ஒலி அங்கே அதிர்வெண்களாகப் பிரிக்கப்படுகிறது; ஆனால் எந்த அதிர்வெண் யாருடையது என்ற குறிப்பு எதுவும் அதில் இல்லை. அதை மூளைதான் ஊகித்துத் தொகுக்கிறது. 220, 440, 660 ஹெர்ட்ஸ் எனச் சீரான மடங்குகளில் வருபவற்றை ஒரே குரலின் கூறுகளாகவும், ஒரே கணத்தில் தொடங்குபவற்றை ஒரே மூலத்திலிருந்து வந்தவையாகவும், சுருதியிலும் குரலின் தன்மையிலும் நெருங்கியவற்றை ஒரே ஓட்டத்தின் தொடர்ச்சியாகவும் அது கொள்கிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் பிரெக்மன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தத் தொகுப்பு விதிகளை ஆராய்வதிலேயே செலவிட்டார்.

அந்த விதிகளின்படி பார்த்தால், ‘என் கண்மணி’ இரண்டு மெட்டுகளாகக் கேட்கவே கூடாது. குரல் ஒருவருடையது, சுருதி எல்லையும் ஏறத்தாழ ஒன்றே, ஒரு பாத்திரம் முடிக்கும் இடத்தில் மற்றது பிடித்துக்கொள்கிறது. இவை அனைத்தும் மூளையை ‘இது ஒரே ஓட்டம்’ என்று முடிவு செய்யவே தூண்டும். முதல் தடவை கேட்பவருக்குத் தங்குதடையற்ற ஒரே மெட்டாக இது ஒலிப்பதற்குக் காரணம் அதுதான்.

பிறகு எப்படி இரண்டாகிறது? 1973இல் ஜே டௌலிங் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு விடை தருகிறது. நன்கு தெரிந்த இரண்டு மெட்டுகளின் சுரங்களை ஒன்று விட்டு ஒன்றாகக் கலந்து அவர் ஒலிக்கச் செய்தார். இரண்டும் ஒரே சுருதி எல்லைக்குள் இருந்தபோது கேட்டவர்களால் எதையும் இனங்காண முடியவில்லை. ஒன்றை விலக்கி மேலே ஏற்றியதும் இரண்டும் தெளிவாகப் பிரிந்தன. அதைவிட முக்கியமான இன்னொரு முடிவும் கிடைத்தது: எந்த மெட்டைத் தேட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், கலந்து கிடந்த நிலையிலும் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது. எதிர்பார்ப்பே காதுக்கு வழிகாட்டுகிறது.

சுரங்களுக்குப் பதிலாகச் சொற்றொடர்களைக் கலந்திருப்பதால், இளையராஜா நமக்கு அந்த எதிர்பார்ப்பை எளிதாகவே தந்துவிடுகிறார். தொங்கி நிற்கும் வாக்கியம் முடிவைத் தேடுகிறது. அந்தத் தேடல் அடுத்த துண்டு வரும்வரை மெட்டையும் பிடித்துவைத்திருக்கிறது. வாலியின் இலக்கணம் இங்கே இசைக்கருவியாகவே வேலை செய்கிறது என்பேன். வெறும் ஆலாபனையாக இதே மெட்டைப் பாடியிருந்தால் இந்தப் பிரிவு இவ்வளவு துலங்கியிருக்காது.

ஹெட்போனில் இதைக் கேட்கும்போது, முதல் முறை காதலனின் துண்டுகளை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த முறை அவன் மனத்தின் துண்டுகளை. அலைவடிவம் அணுவளவும் மாறாமலேயே, முன்பு பின்னணிக்குப் போன குரல் இப்போது முன்னால் வந்து நிற்கும். இடையில் பேருந்து நடத்துநர் தேனாம்பேட்டை நிறுத்தத்தைக் கூவுவார். அந்தக் குரல் மட்டும் எத்தனை முறை கேட்டாலும் மெட்டோடு கலப்பதே இல்லை. பாடும் குரல் ஒவ்வொரு சுரத்திலும் நின்று செல்கிறது. பேசும் குரலின் சுருதியோ எங்கும் நிற்காமல் வழுக்கிச் செல்கிறது. அதனால் மூளை அதைத் தொடங்கிய நொடியிலேயே வேறோர் ஓட்டமாக ஒதுக்கிவிடுகிறது.