160 ஏக்கருக்குப் பட்டா: அமெரிக்காவின் ஹோம்ஸ்டெட் சட்டம்

அரசுப் புறம்போக்கில் குடியேறி உழுபவருக்கு 160 ஏக்கர் வரை விலையின்றி வழங்கும் ஹோம்ஸ்டெட் சட்டத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் 1862 மே 20 அன்று கையொப்பமிட்டார். 1863 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

21 வயது நிரம்பியவரோ குடும்பத் தலைவரோ விண்ணப்பிக்கலாம். அவர் குடிமகனாகவோ, குடியுரிமை பெறும் எண்ணத்தை முறைப்படி அறிவித்தவராகவோ இருப்பதோடு, அமெரிக்க அரசுக்கு எதிராக ஆயுதம் ஏந்தாதவராகவும் இருக்க வேண்டும். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. மணமாகாத பெண்களும் கைம்பெண்களும் தம் பெயரிலேயே நிலம் கோரலாம் என்பது அந்நாளில் சிறிய செய்தி அன்று.

நில அலுவலகத்தில் உறுதிமொழி அளித்து, 10 டாலர் கட்டணமும் சிறு தரகும் செலுத்தினால் நிலம் பதிவாகும். பின்பு ஐந்தாண்டுகள் அங்கேயே குடியிருந்து பயிரிட்டு, அதை இரண்டு சாட்சிகளைக் கொண்டு மெய்ப்பித்த பிறகே பட்டா கிடைக்கும். இடையில் ஆறு மாதங்களுக்கு மேல் நிலத்தைக் கைவிட்டுச் சென்றால் அது அரசுக்கே திரும்பிவிடும். காத்திருக்க விரும்பாதவர், ஆறு மாதக் குடியிருப்புக்குப் பின் ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி நிலத்தை வாங்கிக்கொள்ளலாம். பட்டா பெறுவதற்கு முன் பட்ட கடனுக்காக அந்நிலத்தைப் பறிமுதல் செய்யக் கூடாது என்ற விதியே இச்சட்டத்தின் மிகக் கருணையான பகுதி என்று நான் கருதுகிறேன்.

நிலத்தின் உண்மையான விலை அந்த ஐந்தாண்டுகள்தாம். நெப்ராஸ்கா, கான்சாஸ் புல்வெளிகளில் மரம் அரிது. ஆகவே குடியேறியவர்கள் புல்வேர் பின்னிய மண்ணைக் கட்டிகளாக வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள், காட்டெருமைச் சாணத்தைப் பொறுக்கி வந்து அடுப்பெரித்தார்கள். 1874இல் வெட்டுக்கிளிக் கூட்டம் நின்ற பயிரை அழித்தது. மழை மிகுந்த கிழக்கில் ஒரு குடும்பத்துக்குப் போதுமான 160 ஏக்கர், வறண்ட மேற்கில் போதவில்லை. இதனால் 1909இல் பல வறண்ட பகுதிகளுக்கு அளவு 320 ஏக்கராக உயர்த்தப்பட்டது. 1912இல் குடியிருப்புக் காலம் மூன்றாண்டுகளாகக் குறைக்கப்பட்டது.

சட்டம் அரசு நிலம் என்று அழைத்ததில் பெரும்பகுதி, பானி, ஓட்டோ, லக்கோட்டா முதலிய தொல்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண். நெருக்கடியில் எழுதப்பட்ட ஒப்பந்தங்களாலும் போராலும் அது அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. பட்டா பெற்றவரின் ஐந்தாண்டு உழைப்பு மெய்யானதே. ஆனால் அவருக்குக் கொடுக்கப்பட்ட நிலம், கொடுத்தவர் நேர்மையாகப் பெற்றதன்று.

ஏறத்தாழ 16 லட்சம் பட்டாக்கள் வழியே சுமார் 27 கோடி ஏக்கர் நிலம் இவ்வாறு கைமாறியது. 1976இல் இத்திட்டம் நீக்கப்பட்டது. அலாஸ்காவில் மட்டும் 1986 வரை நீடித்தது.