ஆன்டிபயாடிக் வாங்க, கொடுக்க என்ன விதி? மனிதருக்கும் மாட்டுக்கும்

அமாக்சிசிலின், அசித்ரோமைசின் போன்ற, பாக்டீரியாக் கிருமிகளைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளை டாக்டர் சீட்டு இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் விற்கக் கூடாது. இது புதுச் சட்டம் இல்லை. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் ‘அட்டவணை எச்’ என்று ஒரு பட்டியல் உண்டு. பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகள் அதில்தான் வருகின்றன. சீட்டில் டாக்டரின் கையெழுத்தும் தேதியும் வேண்டும், எவ்வளவு மருந்து, எந்த அளவில் என்பதும் வேண்டும். அதே சீட்டைக் காட்டி மறுமுறை வாங்கலாம் என்று டாக்டரே எழுதியிருந்தால் தவிர, ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து. போன வருடச் சீட்டை எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரர் மறுக்கத்தான் வேண்டும். மறுத்தால் அவரோடு சண்டை போடாதீர்கள், அவர் செய்வதுதான் சரி.

இதற்கும் மேலே ஒரு கட்டுப்பாடு 2014 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ‘அட்டவணை எச்1’ என்ற அந்தப் பட்டியலில் செஃபிக்சிம், லீவோஃப்ளாக்சசின், மெரோபெனம் போன்றவையும், காசநோய் மருந்துகள் பலவும் இருக்கின்றன. இவற்றை விற்றால் டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தப் பதிவேட்டை மூன்று ஆண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும். அதனால் பெயர் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். மாத்திரை அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று மக்களுக்குத் தெரியட்டும் என்றுதான் 2016இல் அந்தக் கோட்டைப் பற்றி மத்திய அரசு பிரசாரம் தொடங்கியது.

சரி, மாட்டுக் கொட்டகைக்கு வருவோம். மாட்டுக்கு வாங்கும் ஆன்டிபயாடிக்குக்கும் சீட்டு வேண்டும், அதில் மாட்டுக்காரரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். மடிநோய்க்கு ஊசி போட்ட பசுவின் பாலில் சில நாட்களுக்கு அந்த மருந்து கலந்து வரும். எத்தனை நாள் அந்தப் பாலை விற்கக் கூடாது என்பது மருந்து லேபிளிலேயே இருக்க வேண்டும் என்று 2012இல் விதி வந்தது. அந்த மருந்துக்கென்று தனிக் கணக்கு இல்லாவிட்டால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். மீனுக்குக் கணக்கு வேறு. குளத்து நீரின் வெப்பநிலையை நாட்களால் பெருக்கினால் 500 வர வேண்டும். நீர் 25 டிகிரி என்றால் 20 நாள் மீன் பிடிக்காமல் காத்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் விதி பலவீனமாக நிற்கிறது என்று நினைக்கிறேன். இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு ஒரு வாரப் பால் காசு நின்றால் வீடு ஆடிப்போகும். லேபிளில் நாட்களை அச்சிடச் சொன்னவர்கள் அந்த இழப்புக்கு ஒரு வழியும் சொல்லவில்லை. அந்தப் பாலை விற்கும் மனிதரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

கோழிப்பண்ணை பக்கம் விதி கறாராகவே இருக்கிறது. கொலிஸ்டின் என்ற மருந்து, வேறு எதுவும் கேட்காத நிலையில் ஐசியு நோயாளிக்குக் கடைசியாகக் கொடுப்பது. அதையே கோழி சீக்கிரம் எடை போடுவதற்காகத் தீவனத்தில் கலந்து வந்தார்கள். 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடை, கோழி, மீன் வளர்ப்பு, தீவனம் எதிலும் அதைப் பயன்படுத்துவதற்கென்று தயாரிக்கவும் விற்கவும் மத்திய அரசு தடை விதித்தது. நாமக்கல் மாதிரி ஊர்களில் பண்ணை வைத்திருப்பவர்கள் தீவனக் கலவைப் பையில் என்னென்ன இருக்கிறது என்று படித்துப் பார்த்து வாங்குவது நல்லது.

விதி இருந்தும் சீட்டில்லாத விற்பனை நடக்கத்தான் செய்கிறது. கேரளம் 2024இல் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்ற பெயரில் கடைகளில் திடீர்ச் சோதனை நடத்தத் தொடங்கியது. அதே ஆண்டு ஜனவரியில், ஆன்டிபயாடிக் எழுதும்போது எதற்காக என்ற காரணத்தையும் சீட்டில் குறிப்பிடும்படி மத்திய சுகாதாரத் துறை டாக்டர்களைக் கேட்டுக்கொண்டது. சீட்டில் காரணம் இல்லையென்றால் “எதுக்கு டாக்டர் இது, வைரஸ் காய்ச்சலுக்கு வேணுமா?” என்று நீங்களே கேட்கலாம். ஆன்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது.

மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால், மிச்சம் இருக்கும் பழைய ஊசி மருந்தைத் தேட வேண்டாம். 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். டாக்டர் வந்து ஊசி போட்டதும் பாலை எத்தனை நாள் விற்கக் கூடாது என்று கேட்டு, தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.