இயங்குதளம்: இயங்குவது எது, இயக்குவது எது?

புதுக் கணினி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த ஓஎஸ் நல்லது?" என்பதுதான். விண்டோஸா, மேக்கா, லினக்ஸா? பதில் சொல்ல உட்கார்ந்தால் அவரவர் பழக்கமும் பிடிவாதமும்தான் முன்னால் வந்து நிற்கும். ஆனால் ஓஎஸ்-க்கு நாம் தமிழில் வைத்திருக்கும் இயங்குதளம் என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், இந்தக் கேள்வியை எந்தப் பக்கத்திலிருந்து கேட்க வேண்டும் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. அதனால் முதலில் சொல், அப்புறம் தேர்வு.

ஓஎஸ் என்பது ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்பதன் சுருக்கம். ஆப்பரேட் லத்தீன் வழி வந்த வினை. அங்கே ஓபஸ் என்றால் வேலை, பணி. சிஸ்டம் கிரேக்கம், பல உறுப்புகள் சேர்ந்து ஒன்றாக நிற்பது. இந்த இரண்டும் கணினியில் எப்படி ஒட்டிக்கொண்டன என்று தெரிய 1950களின் கணினி அறைக்குள் போக வேண்டும். அந்தக் காலத்துப் பெருங்கணினி ஒவ்வொன்றுக்கும் ஆப்பரேட்டர் என்று ஒருவர் இருப்பார். நிரல் எழுதியவர் துளையிட்ட அட்டைக் கட்டைக் கொண்டுவந்து கொடுப்பார், ஆப்பரேட்டர் அதை எந்திரத்தில் வைத்து, வேண்டிய நாடாவை மாட்டி, பொத்தானை அழுத்தி, அச்சாகி வந்த தாளைக் கிழித்து உரியவரிடம் கொடுத்துவிட்டு அடுத்த கட்டைக் கையில் எடுப்பார். அதுவரை அவ்வளவு விலையுள்ள கணினி சும்மா நிற்கும். ஒரு வேலை முடிந்ததும் அடுத்த வேலையைத் தானே எடுத்துக்கொள்ளும் நிரல் ஒன்று உள்ளேயே இருந்தால் இந்தக் காத்திருப்பு குறையுமே என்ற யோசனையில் பிறந்ததுதான் இன்றைய ஓஎஸ். ஐபிஎம் 704 கணினிக்காக ஜெனரல் மோட்டார்ஸும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷனும் சேர்ந்து 1956-இல் உருவாக்கியதை இந்த வகையில் முன்னோடியாகச் சொல்வார்கள். அப்போது இவற்றுக்கு மானிட்டர், சூப்பர்வைசர், எக்சிக்யூட்டிவ் என்று பல பெயர்கள் இருந்தன. (அந்த மானிட்டர் திரை அல்ல, மேற்பார்வை பார்ப்பது.) 1964-இல் ஐபிஎம் தன் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தபோது அதற்கான மென்பொருளுக்கு ஓஎஸ்/360 என்றே பெயர். ஆக, ஆப்பரேட்டர் கையால் செய்த வேலையைச் செய்யும் மென்பொருள்தான் ஆப்பரேட்டிங் சிஸ்டம்.

இதற்குத் தமிழில் ஒரே சொல் இல்லை. இயங்குதளம், இயக்குதளம், இயக்க முறைமை, இயக்க அமைப்பு எல்லாம் புழக்கத்தில் உண்டு. இலங்கைப் பாடநூல்களில் பணிசெயல் முறைமை என்று பார்க்கலாம். ஓபஸ் என்றால் பணி என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தச் சொல் எவ்வளவு நெருக்கமாக மூலத்தைப் பிடித்திருக்கிறது என்று புரியும். சிஸ்டம் என்பதற்கு முறைமை சரியான சொல், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சொல்லுக்குச் சொல் ஈடு வேண்டுமென்றால் இயக்க முறைமைதான் அது.

அப்படியிருந்தும் என் வாக்கு இயங்குதளத்துக்குத்தான், காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. இயங்கு என்பது தன்வினை, இயக்கு என்பது பிறவினை. அடங்கு, அடக்கு போல. சிலர் இங்கே ஒரு குறை சொல்வார்கள்: ஓஎஸ் மற்றவற்றை இயக்குகிறது, தான் இயங்குவது மட்டும் அல்ல, அப்படியிருக்க இயங்குதளம் எப்படிச் சரியாகும் என்று. நியாயமான கேள்வி. ஆனால் இது வினைத்தொகை. வினைத்தொகையில் பின்னால் வரும் பெயர்தான் அந்த வினையைச் செய்ய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஓடுதளம் என்கிறோம், ஓடுவது விமானம், தளம் அங்கேயே கிடக்கிறது. விளைநிலத்தில் விளைவது பயிர். உறைவிடத்தில் உறைபவர் மனிதர். அதே போல இயங்குதளம் என்றால் நிரல்கள் இயங்குவதற்கான தளம். இயங்கிய, இயங்குகின்ற, இயங்கும் என்று மூன்று காலமும் அதில் மறைந்திருக்கின்றன. வினைத்தொகை என்பதால் சேர்த்தே எழுத வேண்டும், நடுவில் ஒற்று மிகாது: ஊறுகாய், சுடுசோறு போல இயங்குதளம். 'இயங்குத்தளம்' என்று அங்கங்கே கண்ணில் படுவது பிழை.

இயக்கு என்ற பிறவினைக்கும் வேலை இருக்கிறது. அச்சுப்பொறி, வைஃபை, ஒலி போன்ற வன்பொருளை இயங்க வைக்கும் டிரைவருக்கு இயக்கி என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆக மேலே இயங்கும் நிரல்கள், கீழே இயக்கப்படும் வன்பொருள், நடுவில் தளம். எந்த ஓஎஸ் நல்லது என்று கேட்பவர் இந்த மேலையும் கீழையும் விட்டுவிட்டு நடுவை மட்டும் கேட்கிறார், அதனால்தான் அதற்கு விடை கிடைப்பதில்லை.

சரி, மேலே இருந்து தொடங்குவோம். நீங்கள் தினமும் திறக்கும் நிரல்களை ஒரு தாளில் எழுதுங்கள். அதில் உலாவியும் மின்னஞ்சலும் படம் பார்ப்பதும் மட்டும்தான் என்றால் எந்தத் தளமும் போதும், கையில் இருப்பதையே வைத்துக்கொள்ளலாம். ஆவணங்களுக்கு லிப்ரேஆபீஸ், முப்பரிமாண வேலைக்கு பிளெண்டர், ஓவியத்துக்குக் கிருத்தா, படத் திருத்தத்துக்கு ஜிம்ப் ஆகியவை மூன்றிலும் ஓடும். தொழில் என்று வரும்போதுதான் வழி பிரிகிறது. ஐபோன் செயலி எழுதுபவருக்கு எக்ஸ்கோடு வேண்டும், அது மேக்கில் மட்டும். ஃபைனல் கட் புரோவில் படத்தொகுப்பு செய்து பழகியவருக்கும் மேக்தான் வழி. அதே வேலைக்கு டாவின்சி ரிசால்வ் என்றால் மூன்றும் திறந்திருக்கின்றன. கட்டட வரைவுக்கு ரெவிட், எந்திர வடிவமைப்புக்கு சாலிட்வொர்க்ஸ் என்று வேலை பார்ப்பவர் விண்டோஸை விட்டுப் போக முடியாது. போட்டோஷாப் விண்டோஸிலும் மேக்கிலும் உண்டு, லினக்ஸுக்கு அடோபி அதைத் தருவதில்லை. 1993-இல் தொடங்கிய வைன் என்ற மென்பொருளை வைத்து விண்டோஸ் நிரல்கள் பலவற்றை லினக்ஸில் ஓட்டலாம் என்பது உண்மை, ஆனால் பிழைப்பே ஒரு நிரலை நம்பி இருக்கும்போது அதை வைனில் ஓட்டிக்கொள்ளலாம் என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். வழங்கிகளில் (சர்வர்களில்) ஓடும் நிரல் எழுதுபவருக்கு நிலைமை நேர்மாறு. அங்கே பெரும்பாலும் லினக்ஸ் என்பதால் தன் மேசையிலும் அதையே வைத்துக்கொள்வது வசதி.

லினக்ஸ் என்ற பெயரிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்டது கருனியை மட்டும்தான். வன்பொருளோடு நேராகப் பேசும் உள்பகுதி அது. அதைச் சுற்றி மற்ற கருவிகளைச் சேர்த்துக் கட்டித் தரும் உபுண்டு, டெபியன், பெடோரா, மின்ட் போன்றவற்றை வழங்கல்கள் என்கிறோம். நாம் நிறுவுவது வழங்கலைத்தான். திரையில் தெரியும் பட்டியும் சாளரமும் பணிச்சூழல். குனோம் பிடிக்கவில்லை என்றால் கேடிஇ பிளாஸ்மாவுக்கு மாறலாம், தளம் அப்படியே இருக்கும். லினக்ஸ் பார்க்க நன்றாக இல்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு பணிச்சூழலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள்.

இனி கீழே. மேக்ஓஎஸ் ஆப்பிள் கணினிக்கு மட்டுமே உரியது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம் என்று கணக்கு இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதனால் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும் ஆனால் 11-ஐ ஏற்காத பழைய கணினிகளுக்கு லினக்ஸ் நல்ல வழி. தூக்கிப் போடாதீர்கள்.

தளம் மாறும்போது கோப்புகள் எப்படி வரும் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் என்டிஎப்எஸ் முறையில் வடிவமைத்த வெளி வன்வட்டை மேக்கில் செருகினால் கோப்புகள் எல்லாம் தெரியும், திறக்கும், நகலெடுக்கலாம்; ஆனால் திருப்பி அதில் ஒன்றை ஒட்டப் போனால் ஒட்டாது. வன்வட்டு கெட்டுவிட்டது என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைத்தால் இரண்டிலும் எழுதலாம். தமிழ்த் தட்டச்சைப் பற்றிக் கவலை வேண்டாம், தமிழ்99 விசைப்பலகை மூன்றிலும் கிடைக்கிறது.

லினக்ஸில் இன்னொரு வசதி, நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். என் பழைய மடிக்கணினியில் அப்படித்தான் செய்தேன். வழங்கலை ஒரு பென்டிரைவில் எழுதி, கணினி தொடங்கும்போது அதைத் தேர்ந்தெடுத்தேன். வைஃபை உடனே பிடித்தது, பாட்டுக் கேட்டது, அச்சுப்பொறியும் தெரிந்தது. எல்லாம் சரி என்று நிறுவப் போகும் நேரத்தில் மூடியை மூடித் திறந்தால் திரை கறுப்பாகவே நின்றது. வேறு ஒரு வழங்கலின் புதிய பதிப்பில் அந்தச் சிக்கல் இல்லை. கருனி புதியது, அதற்குள் வந்த இயக்கியும் புதியது. அதனால் பென்டிரைவில் ஓட்டிப் பார்க்கும்போது வைஃபை, ஒலி, அச்சுப்பொறியோடு நிறுத்தாமல், மூடியை மூடி ஐந்து நிமிடம் விட்டுத் திறந்து பாருங்கள். திரை உயிரோடு வந்தால் நிறுவலாம்.