காயை முதலில் பாருங்கள், குறிப்பை அப்புறம் பார்க்கலாம்

"உங்கள் ஃபிரிட்ஜில் இப்போது வாடிக் கிடக்கும் காய் எது?" உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் இதை நான் தவறாமல் கேட்பேன். அநேகமாக எல்லோரிடமும் ஒரு பதில் இருக்கும். ஆசையாக வாங்கிய கீரை, பாதி நறுக்கி மூடிவைத்த முட்டைக்கோஸ், சுருங்கிப்போன கேரட். ஏன் சமைக்கவில்லை என்றால், "அந்தக் குறிப்பில் கேட்டிருந்த சாமான் எல்லாம் வீட்டில் இல்லை" என்பார்கள். குறிப்பு 14 பொருள் கேட்டிருக்கும், வீட்டில் 11 இருந்திருக்கும். மீதி மூன்றுக்காகக் காத்திருந்தே காய் குப்பைக்குப் போய்விடும்.

இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அச்சடித்த சமையல் குறிப்புகளைத்தான் கொடுத்து அனுப்பினேன். வாங்கிப் போனவர்கள் ஒரு முறை செய்துபார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். இப்போது கொடுப்பதில்லை. அதற்குப் பதிலாக ஒரு காயைக் கையில் எடுத்தால் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லித் தருகிறேன். அது கெட்டியானதா, தண்ணீர் நிறைந்ததா, இலையா? இந்த மூன்றைப் பார்க்கப் பழகினால், எந்தக் காய் கிடைத்தாலும் அரை மணி நேரத்தில் ஒரு நல்ல சாப்பாடு செய்யலாம்.

பருவத்தில் வரும் காயை வாங்கச் சொல்வதற்குக் காரணம், சமைப்பவரின் வேலையில் பாதியைச் செடியே முடித்துக் கொடுத்துவிடும் என்பதுதான். பச்சைப் பட்டாணியையும் இனிப்புச் சோளத்தையும் பாருங்கள். பறித்த நேரத்திலிருந்தே அவற்றில் இருக்கும் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக மாவுச்சத்தாக மாறத் தொடங்கும். பறித்த அன்றே சமைத்தால் உப்பு மட்டும் போதும், தித்திக்கும். பல நாள் பயணம் செய்து வந்ததற்கு மசாலா சேர்த்துத்தான் ருசி கொண்டுவர வேண்டும். கீரையில் வைட்டமின் சி வாட வாடக் குறைந்துகொண்டே போகும். பருவம் இல்லாதபோது உறையவைத்த பட்டாணியை வாங்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக வாங்கலாம். பறித்ததும் வெந்நீரில் முக்கி உடனே உறையவைப்பதால், சத்து பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

காயில் ருசி இல்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் அதைத் தண்ணீரில் மூழ்கடித்து வேகவைப்பவர்கள். வயதில் மூத்த ஒருவர் ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்க வேண்டி வந்து என்னிடம் வந்தார். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு. அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் கீழே. மூன்று வாரமாக உப்பில்லாத அவித்த காலிஃபிளவரைச் சாப்பிட்டு அலுத்துப்போயிருந்தார். "இனி வாழ்நாள் முழுக்க இப்படித்தானா?" என்று அவர் கேட்ட குரல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அவருக்கு நான் சொன்னது இதுதான். காலிஃபிளவரைச் சிறு பூக்களாகப் பிரித்துக் கழுவி, துணியில் ஈரம் போகத் துடையுங்கள். அகலமான வாணலியை நன்றாகச் சூடாக்கி ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, காயை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். போட்டதும் சுர்ரென்று சத்தம் வர வேண்டும். மூன்று, நான்கு நிமிடம் கரண்டியால் தொடவே கூடாது. அடிப்பக்கம் பழுப்பாக முறுகியதும் புரட்டிவிட்டு, தீயைக் குறைத்து, வேகும்வரை விடுங்கள். இறக்கியதும் மிளகுத்தூள், ஒரு சிட்டிகை உப்பு, எலுமிச்சைச் சாறு. அவ்வளவுதான். அடுத்த முறை வந்தபோது, வீட்டில் எல்லோருக்கும் தானே அதைச் செய்து கொடுப்பதாகச் சொன்னார்.

இதன் பின்னணி எளிமையானது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். காயின் மேல் ஈரம் இருக்கும்வரை வெப்பம் அதைத் தாண்டாது. அந்தப் பழுப்பு நிறமும் வாசனையும் நன்றாக வர 140 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். வாணலியில் காயை மலைபோல் குவித்தால், அது விடும் தண்ணீரிலேயே வெந்து தொளதொளத்துப் போகும். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். தொடக்கத்திலேயே உப்புப் போட்டால் அத்தனையும் வெளியே வந்துவிடும். அதனால் முறுகல் வேண்டும் என்றால் உப்பைக் கடைசியில் போடுங்கள். தக்காளி, சுரைக்காய் போன்றவை குழைந்து தளதளவென்று வர வேண்டுமானால் முதலிலேயே போடுங்கள், தனியாகத் தண்ணீரே தேவைப்படாது.

கேரட், பூசணி போன்ற கெட்டிக் காய்களுக்கு மூடி போட்ட பாத்திரமும் நிதானமான தீயும் போதும். எண்ணெயே கூடாது என்று சிலர் பிடிவாதமாக இருக்கிறார்கள். இந்தக் காய்களில் உள்ள பீட்டா கரோட்டின், உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறும் சத்து, கொழுப்பில் கரையும் பொருள். பச்சையாகக் கடிப்பதைவிட, வேகவைத்துக் கொஞ்சம் எண்ணெயோடு சாப்பிட்டால் உடல் அதைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும்.

பச்சைக் காய்களில் புளிப்பைச் சீக்கிரம் சேர்க்காதீர்கள். அமிலம் பட்டுக் கொதித்தால் பச்சையத்திலிருக்கும் மக்னீசியம் விலகிவிடும், பீன்ஸ் மங்கிய பழுப்புப் பச்சையாகிவிடும். கீரையை நறுக்குவதற்கு முன்பே கழுவுங்கள். வைட்டமின் சியும் ஃபோலேட் என்ற பி வைட்டமினும் தண்ணீரில் கரைபவை, நறுக்கிய பிறகு அலசினால் அவையும் போய்விடும்.

பயறு வேகவே மாட்டேன் என்கிறது என்று புலம்புகிறவர்களிடம் தக்காளியை எப்போது போட்டீர்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் முதலிலேயே போட்டிருப்பார்கள். புளிப்பு, தோலையும் உள்சதையையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். விரலால் நசுக்கினால் மசியும் பதம் வந்த பிறகுதான் தக்காளியோ எலுமிச்சையோ சேர்க்க வேண்டும். சமையல் சோடா போட்டால் சீக்கிரம் வேகும், ஆனால் வைட்டமின் பி1 அழியும். இரவே ஊறவைப்பது நல்ல வழி. ராஜ்மா விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சரியாக வேகாத ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற ஒரு வகைப் புரதம், கடுமையான வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடமாவது நன்றாகக் கொதிக்கவிட்டு, அப்புறம் முழுதாக வேகவையுங்கள். ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போடவே கூடாது. அதன் குறைந்த சூட்டில் அந்த லெக்டின் அழியாது.

பயறைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. தாவர உணவுக்கு மாறுகிறவர்கள் தட்டில் காயை மட்டும் நிரப்பிவிட்டு, இரண்டு மணி நேரத்தில் பசிக்கிறது என்று வருகிறார்கள். வெந்த பருப்பு 100 கிராமில் சுமார் 9 கிராம் புரதம் இருக்கிறது. காய்களில் அவ்வளவு கிடைக்காது. காய், பருப்பு அல்லது பயறு, ஏதாவது ஒரு தானியம், இந்த மூன்றும் ஒரு நாளின் சாப்பாட்டில் இருக்க வேண்டும். ஒரே வேளையில் சேர வேண்டும் என்றுகூட இல்லை. திடீரென்று நிறையப் பயறு சாப்பிட்டால் வயிறு உப்பும், அதனால் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

தாவரங்களில் இருக்கும் இரும்புச்சத்தை உடல் எளிதில் எடுத்துக்கொள்ளாது. அதனால்தான் எல்லாவற்றிலும் கடைசியாக எலுமிச்சை பிழியச் சொல்கிறேன், வைட்டமின் சி கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்டவுடன் டீ, காபி குடிப்பது நேர்மாறாக வேலை செய்யும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பால், முட்டை உட்பட விலங்குகளிடமிருந்து வரும் எல்லாவற்றையும் நிறுத்துகிறவர்களுக்கு வைட்டமின் பி12 காயிலிருந்தோ பயறிலிருந்தோ கிடைக்காது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் வேண்டும். அளவு சின்னது, ஆனால் இல்லாமல் போனால் ரத்தசோகையும் நரம்புப் பாதிப்பும் வரும். பி12 செறிவூட்டிய உணவோ மாத்திரையோ கட்டாயம் தேவை. இதில் சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். கால் மரத்துப்போய் வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது, முன்பே யாராவது சொல்லியிருக்கலாமே என்று எனக்கு மனம் கனத்துவிடும்.

இத்தனை சொன்ன பிறகு, இரண்டு பேர் மட்டும் என் பேச்சை அப்படியே பின்பற்றக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. அதிலிருக்கும் வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையை மாற்றிவிடும். சிறுநீரகம் பழுதானவர்களில் சிலர் பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். அவர்கள் காயை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மற்றவர்களுக்கு நான் வேண்டாம் என்று சொல்லும் அதே முறைதான். இந்த இரண்டில் எது உங்களுக்குப் பொருந்தினாலும், சாப்பாட்டை மாற்றும் முன் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். ஆலோசனைக்கு வரும்போது மருந்துச் சீட்டையும் கையோடு எடுத்து வாருங்கள்.